நிலாவெளிக்கு ஒரு கதிரை

கண்டி நகரின் கொழும்பு வீதியில் இருந்த அந்தப் புடவைக்கடையில் கீழ்மாடி சேலைக்கு, நடுமாடி சட்டைத்துணிக்கு, மேல்மாடி சோற்றுக்கு. துணி வாங்க வந்த யாரும் மேல்மாடியைக் கண்டதில்லை. கடையில் வேலை செய்யும் முப்பது பேரும் பகல் பன்னிரண்டரையிலிருந்து பத்துப் பத்துப் பேராக ஏறி வந்து சாப்பிட்டுவிட்டு இறங்கிப் போவார்கள். அவர்களுக்குச் சமைப்பது வடிவம்மா. பத்தொன்பது வருசமாக அவள்தான். இதற்கிடையில் முதலாளி ஒரு தடவையும் பெயர்ப்பலகை இரண்டு தடவையும் மாறியிருக்கின்றன. பருப்பின் ருசி மட்டும் அப்படியே இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள்.

கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கறுப்பையாவின் மூத்த மகளாகப் பிறந்தவள் அவள். அம்மா கொழுந்து பறிக்கப் போக, எட்டு வயதில் அடுப்படிக்கு வந்தாள். இருபது வயதில் அழகமுத்துவைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்தாள். அழகமுத்துவுக்கு மாநகரசபையில் தண்ணீர்க் குழாய் வேலை. ஹந்தானைச் சரிவில் ஒரு சந்து, சந்துக்குள் பத்து வீடு, அதில் நாலாவது அவர்களுடையது. இப்போது அவளுக்கு ஐம்பத்துநாலு. ஒரே மகளை நாவலப்பிட்டியில் கட்டிக்கொடுத்தாயிற்று. வீட்டில் இரண்டு வாய்தானே என்று யாராவது சொன்னால் அவளுக்குச் சிரிப்பு வரும். சந்தில் கல்யாணம், காதுகுத்து, கருமாதி, கோவில் பூசை எது வந்தாலும் பெரிய சட்டியைத் தூக்குமுன் வடிவக்காவைக் கூப்பிட்டுவிடுவார்கள். கூப்பிட்டால் போவாள். அதில் அவளுக்குப் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொன்னால் பொய்.

அவள் நிம்மதியைக் கெடுத்தது றலியா கேட்ட ஒரு கேள்வி.

றலியா நடுமாடியில் சேலைக்கு ஓரம் அடிப்பவள். கடைசிப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு, வடிவம்மா சட்டி கழுவும் நேரத்தில் பக்கத்தில் நின்று கதை பேசுவாள். அவளுடைய அண்ணன், அவள் வாய்க்கு நானா, நிலாவெளியில் பெண் எடுத்து அங்கேயே குடியிருந்தார்.

"நானா கடலுக்குக் கிட்ட ரெண்டு ரூம் கட்டி ஈக்கிறார் அக்கா. ஆக்கள் வந்து தங்கிட்டுப் போறாங்களாம். நான் இன்னும் போவல்ல. நீங்க மூணு தரம் போய்க்கீங்களே, நிலாவெளிக் கடல் எப்பிடி?"

"காத்து பலம்" என்றாள் வடிவம்மா. "கடல் பக்கமா ஒரு தகரத்த மறைச்சாத்தான் நெருப்பு நிக்கும். மணல்ல அடுப்புக்கல்லு புதையும். தட்டையான கல்லாப் பாத்துப் பொறுக்கணும்."

றலியா சிரித்தாள். "நான் அடுப்பக் கேக்கல்ல. கடலக் கேட்டேன்."

வடிவம்மா யோசித்துப் பார்த்தாள். கடல் நீலமா பச்சையா? அலை உயரமா தாழ்வா? கையில் சட்டியும் சாம்பலுமாக நின்றவளுக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. பதினொரு தடவை கடலுக்குப் போயிருக்கிறாள். சிலாபம், நீர்கொழும்பு, கிரிந்தை, போர் முடிந்து ரோடு திறந்தபிறகு மூன்று தடவை திருகோணமலைப் பக்கத்து நிலாவெளி. அத்தனையிலும் அவள் பார்த்தது சட்டியின் அடி.

மலைநாட்டுக்காரர் கடலுக்கு டிரிப் போகும் அழகு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை சந்தே சேர்ந்து ஒரு வேன் பிடிக்கும். விடியக்காலை வேன் சில்லு நாலுக்கும் கீழே நாலு எலுமிச்சங்காய் வைத்து, ஒரு தேங்காய் உடைத்து வேன் கிளம்பும். வழியில் இரண்டு கோவில், போன இடத்தில் பெரிய கோவில், அப்புறம்தான் கடற்கரை. இறங்கினதும் ஆம்பிளைகள் தண்ணீருக்குள் ஓடுவார்கள், பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால், பிள்ளைகளைப் பிடிக்கப் பெண்கள் அவர்களுக்குப் பின்னால். பெரிய சட்டி இறங்கிய இடத்தில் வடிவம்மா நிற்பாள். எல்லோருக்கும் போட்டு, சட்டியில் ஒட்டியதை வழித்து நின்றபடியே தின்று, சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது டிரிப்பை நடத்தும் பொன்னையாவின் விசில் கேட்கும். நேரமாச்சு, ஏறுங்க ஏறுங்க. கடலில் அவள் கால் நனைந்ததெல்லாம் சட்டி கழுவப் போனபோதுதான்.

அன்று பின்னேரம் அவளுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து அழகமுத்துவுக்குத் தேத்தண்ணி கொடுத்தவள், கோப்பையை நீட்டியபடியே சொன்னாள்.

"ஏங்க, சித்திர வருசத்துக்குக் கடை நாலு நாளு பூட்டு. நிலாவெளிக்குப் போவமா?"

"போவமே. பொன்னையா அண்ணன்கிட்ட சொல்றேன்."

"சொல்ல வேணாம். நாம ரெண்டு பேரு மட்டும்."

அழகமுத்து தேத்தண்ணியைக் குடிக்காமல் கீழே வைத்தார். அவர் நல்ல மனுசன். யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாது, அதனாலேயே பாதி ஊருக்குக் குழாய் ஓசியில் பூட்டிக் கொடுத்தவர். ஆனால் இரண்டு பேராக ஒரு பயணம் என்பது அவர் அறிவுக்கு எட்டவில்லை.

"ரெண்டு பேரு போயி அங்கிட்டு என்னா செய்றது?"

"ஒண்ணும் செய்யக்கூடாது. கடலுக்கு முன்னால ஒரு கதிரையப் போட்டு நான் உக்காரணும். யாராச்சும் ஆக்கி ஒரு தட்டுல போட்டுக் குடுக்கணும். நான் திங்கணும். அவ்வளவுதான்."

"சரி வடிவு" என்றார்.

அடுத்த இரண்டு கிழமையும் வடிவம்மா சந்தோசமாக இருந்தாள். றலியா நானாவிடம் பேசி ஒரு அறையைச் சொல்லி வைத்தாள். அறைக்கு முன்னால் விறாந்தை, விறாந்தையில் கதிரை, கதிரைக்கு முன்னால் கடல். மூன்று வேளைச் சாப்பாடு நானாவின் பெண்சாதி பொறுப்பு. குட்ஷெட் ஸ்டாண்டில் பஸ் எடுத்தால் பகலுக்குள் போய்விடலாம், இரண்டு ராத்திரி தங்கலாம். கடையில் வெங்காயம் வெட்டும்போது அவள் மனதுக்குள் பை கட்டினாள். இரண்டு சேலை, ஒரு துவாய், முழங்காலுக்குத் தைலம். கத்தி இல்லை, அகப்பை இல்லை. அந்த இல்லையை நினைக்க நினைக்க அவளுக்கு இனித்தது.

இத்தனையும் செய்தவள் ஒன்றைச் செய்யாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவளால் அது முடியாது. பஸ்ஸில் ஏற நல்ல நாள் பார்க்க வேண்டுமே. கிழக்குக்கும் வடக்குக்கும் நடுவில் இருக்கிறது திருகோணமலை. எந்தக் கிழமை எந்தத் திசைக்குச் சூலம், எந்தப் பக்கம் பயணம் ஆகாது என்று கேட்காமல் கறுப்பையா மகள் வாசற்படி தாண்டினதில்லை. கேட்க ஒரே ஆள் பொன்னையா. சந்துமுனை மாரியம்மன் கோவில் பூசாரியும் அவர்தான், டிரிப்புக்குத் தலைவரும் விசிலுக்குச் சொந்தக்காரரும் அவர்தான். ஒளித்து வைத்த பலாப்பழத்துக்கு நல்ல நேரம் பார்க்க ஈயிடமே போனாள்.

பொன்னையா பஞ்சாங்கத்தைப் புரட்டினார். "திங்க கிழக்க சூலம். செவ்வா, புதன் வடக்க. வருசம் பொறந்து வர்ற வியாழன் ரொம்ப நல்லாருக்கு. எத்தன பேரு?"

"ரெண்டே பேருதாங்க. அவுகளும் நானும்."

"ரெண்டு பேருக்கா இவ்வளவு நல்ல நாளு" என்று அவர் பஞ்சாங்கத்தை மூடினார். அவர் கெடுதல் நினைக்கவில்லை. நல்ல நாளை வீணாக்கக்கூடாது என்று மட்டும்தான் நினைத்தார். பொழுது சாய்வதற்குள் பக்கத்து வீட்டு அன்னலட்சுமி வந்து, "சொல்லாமப் போகப் பாத்தீங்களே அக்கா" என்று சிரித்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் இன்னும் மூன்று வீட்டார் வந்து அழகமுத்துவிடம் கேட்டார்கள். அவர் ஒவ்வொருவரிடமும் "வாங்க வாங்க" என்றார். வடிவம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். இரண்டு நாளில் இருபத்துநாலு பேர் ஆயிற்று, வேனுக்கும் சொல்லியாயிற்று. இத்தனை பேர் ஓர் அறைக்குள் அடங்குவார்களா? அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அவள் றலியாவுக்கு முன்னால் குனிந்தபடி நின்றாள். "பரவால்ல அக்கா, கிணத்தயும் குளியலறயயும் எல்லாரும் பாவிச்சுக்கட்டும்னு நானா சொல்லிட்டார்" என்றாள் றலியா.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவில் சுவரில் பொன்னையா பட்டியல் ஒட்டினார். முதல் வரி: சமையல், வடிவம்மா. அதற்குக் கீழேதான் வேன், விறகு, தேங்காய், எலுமிச்சங்காய் எல்லாம். அவளிடம் யாரும் கேட்கவில்லை. சூரியன் கிழக்கே உதிக்குமா என்று சூரியனிடம் யார் கேட்கிறார்கள்?

பூசை முடிந்து எல்லோரும் பொங்கலை வாயில் வைத்திருந்த நேரம். அந்தப் பொங்கலும் அவள் பொங்கினதுதான். வடிவம்மா எழும்பி நின்றாள். பேசாமல் வீட்டிலேயே இருந்துவிடுவோமா என்று விடிய விடிய யோசித்திருந்தாள். இருந்துவிட்டால் கதிரை போச்சு, போனால் சட்டி வந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழிதான் இருந்தது, அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

"நான் வர்றேன்" என்றாள். "சமைக்க மாட்டேன்."

பொன்னையா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார்.

அன்னலட்சுமிதான் கை கொடுத்தாள். "ஏன்க்கா, நேர்த்தியா? அம்மனுக்கு ஏதும் வேண்டிக்கிட்டீங்களா?"

எல்லோர் முகமும் தெளிந்தது. நேர்த்திக்கடன் என்றால் ஒரு பொம்பிளை அடுப்பைத் தொடாமல் இருக்கலாம், அதில் யாருக்கும் குறையில்லை. ஆமா என்று தலையாட்டினால் போதும், எல்லாம் முடிந்துவிடும். வடிவம்மாவின் தலை ஆடத்தான் பார்த்தது. ஆனால் அம்மன் எதிரே இருந்தாள். அதைவிட, ஆமா என்று சொன்னால் அது அம்மனுக்காக ஆகிவிடும். தனக்காக என்று ஒன்று இருந்தது, அதுவும் இல்லாமல் போய்விடும்.

"நேர்த்தி எல்லாம் இல்ல. சும்மா உக்காந்திருக்கணும். அதுக்குத்தான்."

"சும்மாவா?" என்று யாரோ கேட்டார்கள். ஆம்பிளை சும்மா இருந்தால் களைப்பு என்பார்கள், பொம்பிளை சும்மா இருந்தால் என்ன நோய் என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி வருவதற்கு முன் அழகமுத்து எழும்பினார்.

"நான் ஆக்குறேன்" என்றார்.

சந்து சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்யும்? தண்ணீர்க் குழாய் பூட்டத் தெரியும், அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தெரியாது என்று அவரைப்பற்றி எல்லோருக்கும் தெரியும். பொன்னையா பட்டியலில் ஒரு பெயரைக் கீறி இன்னொரு பெயரை எழுதினார்.

அதன்பிறகு வடிவம்மா கண்டிப்பாக இருந்தாள். இருபத்துநாலு பேருக்கு எத்தனை கொத்து அரிசி என்று அழகமுத்து கேட்டபோது அவள் சொல்லவில்லை. "சொன்னா அதுவும் சமைக்கிறதுதான். அன்னலட்சுமிகிட்ட கேளுங்க." ஒரு பின்னேரம் அவர் வீட்டில் சோறு ஆக்கிப் பழகினார். வந்தது கஞ்சி. இருவரும் அதைக் குடித்தார்கள். சம்பளத்தன்று அவள் மார்க்கெட் பக்கம் போய்க் கைபிடி வைத்த சிவப்பு பிளாஸ்டிக் கதிரை ஒன்றை வாங்கினாள். ஹந்தானைப் படிகளில் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவள் ஏறி வந்ததைச் சந்து முழுக்க வாசலில் நின்று பார்த்தது.

வியாழக்கிழமை விடியக்காலை வேனின் கூரையில் சட்டி, விறகு, அரிசி மூட்டை, எல்லாவற்றுக்கும் மேலே சிவப்புக் கதிரை. எலுமிச்சங்காய் நசுங்கியது, தேங்காய் உடைந்தது, வேன் அசைந்தது. அப்போதுதான் அவள் கண்டாள். கோவில் சுவரில் சாய்த்து வைத்தபடி, அடுப்புக்குக் காற்று மறைக்கும் தகரம் நின்றது. அவள் வாய் திறந்தது. தகரம் என்று ஒரு சொல்தான். சொன்னால் அதோடு நிற்காது, உப்பு எடுத்தீங்களா, அகப்பை எங்க என்று போகும், நிலாவெளி போய்ச் சேருமுன் அவள் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவாள். வாயை மூடிக்கொண்டாள்.

மூடினாளே ஒழிய, மாத்தளை தாண்டியும் அந்தத் தகரம் கூடவே வந்தது. தம்புள்ளையில் எல்லோரும் இறங்கித் தேத்தண்ணி குடித்தார்கள், அவளுக்குத் தகரம். கந்தளாய்க் குளக்கரையில் பிள்ளைகள் யானை யானை என்று கத்தின, அவளுக்குத் தகரம். கோணேஸ்வரருக்கு முன்னால் கைகூப்பி நின்றவள், இந்தப் பாழாய்ப்போன தகரத்தை என் மண்டையிலிருந்து எடுத்துவிடு சாமி என்றுதான் கும்பிட்டாள்.

நிலாவெளியில் றலியாவின் நானா தென்னைகளுக்கு நடுவில் இடம் காட்டினார். அழகமுத்து முதலில் கூரையிலிருந்து கதிரையை இறக்கினார். மணலில் நடந்து போய், அலை வந்து தொடாத இடமாகப் பார்த்து, நாலு காலையும் அமுக்கி வைத்தார். "உக்காரு" என்றார். வடிவம்மா உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் சட்டி இறங்கும் சத்தம் கேட்டது.

கடல் முன்னால் இருந்தது. கரையோரம் பாசிப்பயறுத் தண்ணீர் மாதிரி ஒரு பச்சை, அதற்கு அப்பால் நீலம், கடைசியில் வானம் எது கடல் எது என்று தெரியாத சாம்பல். அலை சின்னது. வந்து நுரையை விரித்து, சுருட்டிக்கொண்டு போயிற்று. றலியாவிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள்.

பின்னால் நெருப்பு நிற்கவில்லை. காற்று அவள் முகத்தில் அடித்து, அவளைத் தாண்டிப் போய் அடுப்பை அணைத்தது. யாரோ இருமினார்கள். "தகரம் எங்க?" என்று அன்னலட்சுமியின் குரல். "கண்டியில" என்று இன்னொரு குரல். வடிவம்மா கதிரையின் கைபிடிகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எழும்பாதே, எழும்பாதே என்று தன் காலுக்குச் சொன்னாள். இருபத்துநாலு பேர் பசியோடு நிற்க, தான் இப்படி இருப்பது பாவமாகவும் பட்டது. பிள்ளைகள் இருக்கிறார்களே.

பொன்னையா மணலில் வந்து நின்றார். "வடிவம்மா, கோவிச்சுக்காதே. அந்தக் கதிரையக் கொஞ்சம் குடுத்தீன்னா, மேல ஒரு பெட்சீட்டப் போட்டு காத்த மறைச்சுக்கலாம்."

நியாயமான பேச்சு. அவள் எழும்பத்தான் போனாள், பாதி எழும்பியும் விட்டாள்.

"அந்தக் கதிரையத் தொடாதீங்க."

அழகமுத்துவின் குரல். முப்பத்துநாலு வருசத்தில் அவர் ஒருவருக்கு மாட்டேன் என்று சொன்னதை அவள் அன்றுதான் கேட்டாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, குழாய்ச் சாவியைக் கேட்கிற மாதிரித்தான் சொன்னார். பொன்னையா திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் பின்னால் நெருப்பு பிடிக்கும் சத்தம் கேட்டது. வடிவம்மாவால் அடக்க முடியவில்லை, தலையை மட்டும் திருப்பிப் பார்த்தாள். பொன்னையாவும் இன்னும் ஐந்து ஆம்பிளைகளும் தோளோடு தோள் ஒட்டி, கடலுக்கு முதுகைக் காட்டி, அடுப்பை மறைத்துக் குந்தியிருந்தார்கள். புகை முழுக்க அன்னலட்சுமி நின்ற பக்கம் போக, அழகமுத்து அகப்பையோடு நடுவில் வேர்த்து வழிந்தார். சட்டி வேகும்வரை அந்த ஆறு பேரும் அசையவில்லை, ஒருவரும் கடலைப் பார்க்கவும் இல்லை. அவள் திரும்பிக் கடலைப் பார்த்தாள். தகரம் அப்போதுதான் அவள் மனதை விட்டுப் போயிற்று.

சோறு அடிப்பிடித்த வாசம் வந்தது. வரட்டும் என்று இருந்தாள்.

மூன்று மணிபோல அழகமுத்து ஒரு தட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். இன்னும் யாருக்கும் போடவில்லை. சோற்றில் ஒரு பக்கம் அரிசி, ஒரு பக்கம் கரி. பருப்பில் உப்பில்லை. கருவாடு கயிறு மாதிரி இருந்தது. முகமெல்லாம் சாம்பலாக அவர் பக்கத்தில் நின்றார். கையில் அகப்பை இருப்பதை மறந்துவிட்டார் போல.

வடிவம்மா பிசைந்து ஒரு வாய் வைத்தாள். எட்டு வயதிலிருந்து எத்தனை ஆயிரம் தட்டு போட்டிருப்பாள். சாப்பிடு என்று ஒருவர் கொண்டுவந்து கையில் கொடுத்த முதல் தட்டு இதுதான். அவளுக்குக் கண் கலங்கியது, அதைத் துடைக்காமலே சாப்பிட்டாள். கடலைப் பார்த்துக்கொண்டு, உட்கார்ந்தபடி, மெதுவாக, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

"நல்லா இல்லயா?" என்று அழகமுத்து கேட்டார்.

அவள் எழும்பவில்லை. இருந்த இடத்திலிருந்தே காலித் தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் வைங்க."

அழகமுத்து தட்டை வாங்கிக்கொண்டு மணலில் ஓடினார்.